வெளிநாட்டு நகரத்தில் 7 இரவு, 4 பேர்: அபார்ட்-ஹோட்டல் எடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பயணப்பெட்டி (கேள்வி)

வணக்கம். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். இரண்டு பெரியவர்கள், 70 வயது அம்மா, 6 வயது மகள். 7 இரவும் ஒரே ஊரில்தான். ஊர் இன்னும் முடிவாகவில்லை. ஐரோப்பாவில் இரண்டு மூன்று நகரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாதாரண ஹோட்டல் என்றால் இரண்டு அறை எடுக்க வேண்டும், அவை பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால் சமையலறை, வாஷிங் மெஷின் உள்ள அபார்ட்-ஹோட்டல் எடுக்கலாம் என்று யோசனை.

எனக்குத் தெளிவாகாதவை இவை. "4 பேர் தங்கலாம்" என்று போட்டிருப்பதை எந்த அளவுக்கு நம்பலாம்? விமானம் இறங்குவதே இரவு 9:40, வரவேற்பு மேசையோ 8 மணிக்கு மூடிவிடும் என்று எழுதியிருக்கிறது. டெபாசிட்டைக் கார்டில் பிடித்து வைப்பார்களாம். டெபிட் கார்டு போதுமா? அடுப்பு இண்டக்‌ஷன். வாஷிங் மெஷினிலேயே டிரையரும் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள், 4 பேர் துணிக்கு அது ஈடுகொடுக்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நடைபயணி

4 பேர், 7 இரவு என்றால் அபார்ட்-ஹோட்டல்தான் சரியான தேர்வு. தலைக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அந்த 4 பேரில் 2 பேர் அனேகமாகச் சோபா-படுக்கையில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

முதலில் சதுர மீட்டரைப் பாருங்கள். ஸ்டூடியோ என்றால் பெரும்பாலும் 20 முதல் 28 வரை. ஒரே அறை, கட்டிலுக்கு எதிரிலேயே அடுப்பு. தனிப் படுக்கையறை உள்ளது 35இல் தொடங்கும். 35 சதுர மீட்டர் என்பது சுமார் 377 சதுர அடி. உங்கள் நான்கு பேருக்கும் அதற்குக் கீழே எதுவும் வேண்டாம். சோபா-படுக்கையை விரித்தால் அகலம் 140 செ.மீ.யா 120ஆ என்று கேளுங்கள். 120இல் ஒரு பெரியவரும் குழந்தையும் படுக்கலாம், இரண்டு பெரியவர்கள் படுக்க முடியாது. அம்மாவுக்குச் சோபாவை ஒதுக்கவே ஒதுக்காதீர்கள். உயரம் குறைவு, காலையில் முழங்காலை மடக்கி எழுந்திருப்பது பெரும்பாடு. அம்மாவும் மகளும் படுக்கையறையில், நீங்கள் இருவரும் ஹாலில் என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ற வீட்டைத் தேடுங்கள்.

அம்மா வருவதால் குளியலறைப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பல இடங்களில் தனி ஷவர் இருக்காது. குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். அதன் விளிம்பு முழங்கால் உயரத்துக்கு மேலே இருக்கும், ஈரக்காலோடு தாண்டி இறங்குவது வயதானவர்களுக்கு ஆபத்து. தரையோடு தரையாக நடந்து போகக்கூடிய ஷவர் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து லிஃப்ட். "லிஃப்ட் உண்டு" என்ற ஒரு வரியில் பாதி உண்மைதான் இருக்கும். பழைய கட்டடங்களில் தெருவாசலிலிருந்து லிஃப்ட் வரை ஏழெட்டுப் படி இருக்கலாம். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே உள்ள படிமேடையில் நிற்கலாம். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் தரைத்தளம் 0. அவர்கள் "2ஆம் மாடி" என்றால் தரையிலிருந்து இரண்டு மாடி ஏற வேண்டும். அமெரிக்காவில் தரைத்தளமே 1. ஆகவே "எத்தனையாவது மாடி" என்று கேட்காமல் "தெருவிலிருந்து அறைவாசல் வரை மொத்தம் எத்தனை படி" என்று கேளுங்கள். எண்ணிக்கையாகப் பதில் வந்துவிடும்.

செலவை ஒப்பிடும்போது ஒரு இரவின் விலையை வைத்துப் பார்க்காதீர்கள். 7 இரவு வாடகை, அதோடு சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கைவிரிப்பு-துண்டுக் கட்டணம் (சில இடங்களில் தனி), நகரச் சுற்றுலா வரி எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஹோட்டலின் இரண்டு அறை விலையோடு வைத்துப் பாருங்கள். சுற்றுலா வரியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சில நகரங்களில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். சிலவற்றில் வாடகையில் சதவீதம்: ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் 12.5, பெர்லினில் 2025 முதல் 7.5. முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா, நேரில் தனியாகக் கட்ட வேண்டுமா என்பது சிறிய எழுத்தில் இருக்கும். தலைக்கு வரி வாங்கும் ஊர்களில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு விலக்கு இருப்பது வழக்கம். மகளின் வயதைச் சரியாகப் போட்டுத் தேடுங்கள்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. அபார்ட்-ஹோட்டல் என்ற பெயரில் தனியார் வீடுகளும் பட்டியலில் வருகின்றன. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விட வேண்டுமானால் உரிமையாளர் பதிவு செய்திருக்க வேண்டும், அவரும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட கெடுபிடியால் உரிமையாளர் கடைசி வாரத்தில் ரத்து செய்தால், விசாவுக்குக் காட்டிய தங்குமிடச் சான்றும் சேர்ந்து போய்விடும். ஹோட்டல் உரிமம் உள்ள நிறுவனமாக எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) விண்ணப்பம் என்றால் உறுதிச்சீட்டில் 4 பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தளங்கள் முன்பதிவு செய்தவர் பெயரை மட்டும் போட்டு "+3" என்று விட்டுவிடும். நிறுவனத்துக்கு எழுதினால் எல்லாப் பெயரும் போட்ட கடிதம் தருவார்கள்.

சாவிக்கொத்து

இரவு 9:40க்கு இறங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடித்து நீங்கள் வாசலில் நிற்க 11:30 ஆகிவிடும். சிக்கல் வருவது அந்த நேரத்தில்தான், அதனால் இதை நிதானமாகப் படியுங்க.

மேசை மூடிய பிறகு வருபவர்களுக்குக் கதவு எண், அதாவது பூட்டைத் திறக்க அழுத்தும் ரகசிய எண், அனுப்புவார்கள். வழக்கமாக இரண்டு எண் இருக்கும்: தெருக்கதவுக்கு ஒன்று, அறைக்கதவுக்கோ சாவிப்பெட்டிக்கோ இன்னொன்று. பெரும்பாலும் வந்துசேரும் நாளன்று பகலில்தான் அனுப்புவார்கள். அப்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். அது மட்டும் இல்லை. பல இடங்களில் மூன்று வேலை முடிந்தால்தான் எண் வரும்: பாஸ்போர்ட் விவரப் பதிவு, சுற்றுலா வரி கட்டுவது, டெபாசிட்டுக்குக் கார்டைப் பதிவது. கார்டைப் பதியும்போது உங்கள் வங்கி ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓடிபி) உங்கள் பழைய எண்ணுக்கு அனுப்பும். விமான நிலையத்தில் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு பழைய சிம்மைக் கழற்றிவிட்டால் அந்தச் செய்தி வராது, பதிவும் முடியாது, கதவு எண்ணும் வராது. எனவே இந்தப் பதிவுக்கான இணைப்பு எப்போது வருகிறதோ அப்போதே, கிளம்பும் முன் வீட்டிலிருந்தே முடித்துவிடுங்க. பழைய சிம் ரோமிங்கோடு போனில் இருக்கட்டும்; டேட்டாவுக்கு இ-சிம் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒன்றாக வேலை செய்யும்.

கிளம்புவதற்கு 3 நாள் முன்பு நிறுவனத்துக்கு ஒரு செய்தி: விமான எண், இறங்கும் நேரம், "இரவு 11:30க்குப் பிறகு வருவோம், எண்களை முந்தைய நாளே அனுப்ப முடியுமா, இரவில் அழைக்க வேண்டிய எண் என்ன". வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு போனிலும் வையுங்க. தெருக்கதவின் படமும் கேளுங்க. ஒரே தெரு எண்ணில் முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு மூன்று வாசல் இருப்பது சகஜம்.

எண்பலகையில் எண்ணை அழுத்திய பிறகு # அல்லது சாவிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால்தான் பல பூட்டு திறக்கும். பூட்டு விடுபடும் சத்தம் வந்ததும் உடனே கதவைத் தள்ள வேண்டும், சில விநாடியில் மீண்டும் பூட்டிக்கொள்ளும். தப்பாக மூன்று நான்கு முறை அழுத்தினால் சில பூட்டுகள் சில நிமிடம் செயலற்றுப் போகும். அவசரப்பட்டு மேலும் மேலும் அழுத்தாமல் கொஞ்சம் பொறுத்துவிட்டு அழுத்துங்க.

டெபாசிட் விஷயத்தில் கிரெடிட் கார்டு எடுத்துப் போங்க. கிரெடிட் கார்டில் அது வரம்பில் ஒரு பகுதியை மட்டும் முடக்கி வைக்கும். டெபிட் கார்டில் உங்கள் கணக்கில் இருக்கும் காசே முடங்கும். அறையைக் காலி செய்த அன்றே அவர்கள் விடுவித்தாலும் வங்கியில் திரும்பத் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். பயணத்துக்குள் அந்தப் பணம் உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்க. முன்கூட்டிப் பணம் ஏற்றிய பயணக் கார்டுகளை டெபாசிட்டுக்குப் பல இடங்களில் ஏற்பதில்லை. கார்டு இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணமா, இந்நாட்டுப் பணமா" என்று கேட்டால் எப்போதும் இந்நாட்டுப் பணம். மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தில் அவர்கள் கூடுதல் வைத்துக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட் நகல் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். ஜப்பானில் அந்நாட்டு முகவரி இல்லாத வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் நகலைத் தங்குமிடம் எடுத்தாக வேண்டும். ஸ்பெயினில் 2 டிசம்பர் 2024 முதல் தங்குபவர்களிடம் வாங்கும் விவரங்கள் இன்னும் கூடியிருக்கின்றன. சந்தேகப்பட வேண்டியது வேறு: "உங்கள் கார்டு சரிபார்ப்பு தோல்வி, 12 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் மீண்டும் பதியாவிட்டால் முன்பதிவு ரத்து" என்று வரும் செய்தி. தங்குமிடத்தின் கணக்கைத் திருடி, முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே இப்படி அனுப்புகிறார்கள். இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நேராக அழைத்துக் கேளுங்க.

கடைசியாகக் கதவு. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவுகள் அங்கே அதிகம், வெளிப்பக்கம் குமிழ் மட்டும் இருக்கும், திருப்ப முடியாது. குப்பை போட இரண்டு நிமிடம் வெளியே வந்தாலும் சாவி கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, உள்ளே பூட்டில் சாவியைச் செருகியபடி விட்டால், பல ஐரோப்பியப் பூட்டுகளில் வெளியிலிருந்து வேறு சாவி போட்டாலும் திறக்காது. இரவு வெளியே போனவர் வாசலில் நிற்க வேண்டிவரும். சாவியை அருகிலுள்ள கொக்கியில் மாட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்க.

அடுப்பங்கரை

இண்டக்‌ஷன் பற்றி. அறையில் இருக்கும் பாத்திரங்கள் அதற்கேற்றவையாகத்தான் இருக்கும். நீங்கள் எடுத்துச் செல்வதுதான் பிரச்சினை. அலுமினியம், செம்பு, கண்ணாடி எதுவும் சூடாகாது. ஃப்ரிட்ஜ் காந்தம் அடியில் கெட்டியாக ஒட்டினால் மட்டுமே எடுத்துப் போங்கள். அடி மிகச் சிறிய பாத்திரத்தையும் அடுப்பு கண்டுகொள்ளாது. 12 செ.மீ.க்குக் குறைவான அடி உள்ளதைச் சின்ன வட்டத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும், அதிலும் உறுதியில்லை.

அடுப்பு எரியவில்லை என்றால் பழுது என்று முடிவுகட்டாதீர்கள். வரிசையாகப் பாருங்கள். சுவரில் அடுப்புக்கென்று தனி மின்சுவிட்ச் இருக்கிறதா? பிரிட்டனில் அது பெரிதாக, பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். முந்தையவர் அணைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்து, திரையில் L என்று தெரிந்தால் குழந்தைப் பூட்டு. சாவிப் படத்தை 3 விநாடி அழுத்திப் பிடித்தால் விலகும். பூட்டு விலகிய பிறகு முதலில் மொத்த அடுப்புக்கான பொத்தான், பிறகு வட்டத்தைத் தேர்வது, பிறகு சூட்டு எண். கண்ணாடியின் மேல் ஈரமோ எண்ணெயோ இருந்தால் தொடுபொத்தான்கள் வேலை செய்யாது, துடைத்துவிட்டுத் தொடுங்கள். H என்று தெரிவது "இன்னும் சூடு இருக்கிறது, கை வைக்காதே" என்ற எச்சரிக்கை. 6 வயதுக் குழந்தை இருப்பதால் சமைத்து முடித்ததும் L பூட்டைப் போட்டுவிடுங்கள்.

இரண்டு வட்டம் உள்ள சிறிய அடுப்பில் மொத்த மின்சாரம் பெரும்பாலும் 3,500 வாட்டுக்குள்தான் இருக்கும். ஒன்றை உச்சத்துக்கு ஏற்றினால் மற்றது தானாகத் தணியும். இது கோளாறு இல்லை. அடுப்பு, மின்கெட்டில், வாஷிங் மெஷின், ஓவன் நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் மின்சாரம் போகலாம். அப்போது பார்க்க வேண்டிய மின்சுவிட்சுப் பெட்டி அனேகமாக முன்வாசல் பக்கத்திலோ அலமாரிக்குள்ளோ இருக்கும். எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு, விழுந்திருக்கும் நெம்பை முழுவதும் கீழே தள்ளி மேலே ஏற்ற வேண்டும். உடனே மீண்டும் விழுந்தால் ஏதோ ஒரு சாதனத்தில் கசிவு இருக்கிறது, அவர்களை அழையுங்கள். மின்சாரம் போய்வந்த பிறகு ஓவன் சூடாகவில்லையென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் வைத்தால்தான் பல ஓவன்கள் வேலை செய்யும்.

புகை வந்தால் அலறும் எச்சரிக்கைக் கருவியைப் பற்றி யாரும் சரியாக எச்சரிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சமையல் மேடை ஹாலிலேயே இருக்கும் வீடுகளில் கூரையிலுள்ள கருவி அடுப்பிலிருந்து நான்கைந்து அடி தள்ளித்தான் இருக்கும். மேலே உள்ள புகைபோக்கி பலவற்றில் வெளியே குழாய் கிடையாது. கரி வடிகட்டி வழியாகக் காற்றை இழுத்து அதே அறைக்குள் திருப்பி விடும். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், புகையைப் பெரிதாகக் குறைக்காது. எண்ணெய் புகையும் அளவுக்குக் காயும் எந்தச் சமையலும் கருவியை அலற வைக்கும். இண்டக்‌ஷனில் எண்ணெய் மிக வேகமாகக் காயும் என்பதால் 9இல் வைக்காமல் 5 அல்லது 6இல் தொடங்குங்கள். சட்டியை வைக்கும் முன்னரே ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள், புகை வந்த பிறகு திறப்பதில் பயன் குறைவு. அலறினால் ஜன்னல் பக்கம் துண்டை வீசிக் காற்றை வெளியே தள்ளுங்கள். நடைவழிக் கதவை மட்டும் திறக்காதீர்கள். அறைக்குள் உள்ள கருவி பல இடங்களில் அந்த அறையை மட்டும் எச்சரிக்கும். நடைவழியில் உள்ளது கட்டடம் முழுவதற்கும் இணைக்கப்பட்டது. புகை அங்கே போனால் எல்லோரும் கீழே இறங்க வேண்டும், தீயணைப்பு வண்டி வந்தால் அந்தக் கட்டணமும் உங்கள் தலையில் விழலாம். கருவியை உறை போட்டு மூடுவது எந்த நாட்டிலும் செய்யக் கூடாதது. சூடான ஷவர் ஆவியும் கருவியைக் கிளப்பும் என்பதால் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள்.

அறையில் வைத்திருக்கும் பொருட்கள் தொடக்கத்துக்கு மட்டும்தான்: பாத்திரம் கழுவும் மெஷினுக்கு ஓரிரு மாத்திரை, ஒரு பஞ்சு, ஒன்றிரண்டு குப்பைப்பை, கழிப்பறைத் தாள் ஒரு சுருள். தீர்ந்தால் நீங்கள்தான் வாங்க வேண்டும். முதல் நாள் இரவில் வருவதால் உப்பு, தேயிலை, மறுநாள் காலைக்கு வேண்டியது கையில் இருக்கட்டும். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும். சனிக்கிழமை இரவு போய் இறங்கினால் இதை நினைவில் வையுங்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் கையால் கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றிவிடாதீர்கள். நுரை கதவிடுக்கு வழியாகத் தரையெல்லாம் வரும்.

பயணப்பெட்டி

நடைபயணி, சாவிக்கொத்து, அடுப்பங்கரை மூவருக்கும் மிக்க நன்றி. ஓடிபி விஷயம் என் மனதில் தோன்றவே இல்லை. வாஷிங் மெஷின் பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, வெந்நீர் 4 பேருக்கும் காலையில் வரிசையாகக் கிடைக்குமா? கடைசி நாள் விமானம் இரவு 10 மணிக்கு, அறையை 11 மணிக்கே காலி செய்ய வேண்டுமாம். பெட்டிகளை என்ன செய்வது?

மூன்றாம்மாடி

துவைத்து உலர்த்தும் மெஷினில் ஒரு கணக்கு உண்டு. துவைக்க 8 கிலோ என்றால் உலர்த்த 5 கிலோதான். இரண்டு எண்ணும் கதவிலேயோ முன்பலகையிலேயோ எழுதியிருக்கும். 8 கிலோவையும் திணித்துத் துவைத்து அப்படியே உலர்த்தவும் விட்டால் நான்கு மணி நேரம் ஓடிய பிறகும் துணி சூடாக, ஈரமாக, சுருங்கிச் சுருண்டு வரும். துணி புரள இடமில்லாவிட்டால் காற்று ஊடே போகாது, அதுதான் காரணம். டிரம்மில் பாதிக்கு மேல் போடாதீர்கள். 4 பேருக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை, பாதி டிரம் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். ஜீன்ஸையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாக உலர்த்த வேண்டாம். சட்டை மொறுமொறுவென்று காய்ந்த பிறகும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டி ஈரமாக இருக்கும். ஜீன்ஸைத் துணி காயப்போடும் கொடிச்சட்டத்தில் போட்டுவிடுங்கள். அது அலமாரிக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

சோப்பு இழுப்பறையில் மூன்று தடுப்பு: I முன்துவைப்பு, II முக்கியத் துவைப்பு, பூப்படம் போட்டது மிருதுவாக்கும் திரவத்துக்கு. பொடியும் திரவமும் IIஇல்தான் போட வேண்டும். ஜெல் உருண்டை என்றால் இழுப்பறையில் போடாமல், துணிக்கு முன்னால் டிரம்மின் அடியில் போடுங்கள். இழுப்பறையில் போட்டால் பாதி கரையாமல் ஒட்டிக்கொள்ளும். பருத்தி என்ற திட்டத்தில் வெப்பம் பல மெஷின்களில் 40 அல்லது 60இல் தானாக நிற்கும். நிறத்துணிக்கு 30க்கு மாற்றுங்கள். பனித்துளிப் படம் என்றால் குளிர்நீர். "இக்கோ" திட்டம் மூன்று மணி நேரம் எடுக்கும். 15, 30 நிமிடத் திட்டங்கள் ஒன்றிரண்டு கிலோவுக்குத்தான்.

முடிந்ததும் கதவு உடனே திறக்காது, ஒன்றிரண்டு நிமிடம் பூட்டியே இருக்கும். பிடித்து இழுத்தால் கைப்பிடி உடையும், டெபாசிட்டில் பிடிப்பார்கள். ஐந்து நிமிடம் கழித்தும் திறக்காவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். நின்றால் "வடிகட்டு-சுழற்று" திட்டத்தை மட்டும் ஓட்டுங்கள். தொடங்கும்போதே தண்ணீர் ஏறவில்லையென்றால் மெஷினுக்குப் பின்னால் அல்லது கழுவுதொட்டிக்கு அடியில் உள்ள குழாய் மூடியிருக்கும்.

அறைக்குள் நுழைந்ததும் அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் இடமாக இருந்தால், அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் மெஷின் நடுவில் நின்றுவிடும். அட்டை இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சுழல விடாதீர்கள், பல கட்டடங்களில் 10 முதல் காலை 6 அல்லது 7 வரை சத்தமில்லா நேரம். ஊர் திரும்பும் முந்தைய இரவில் துவைக்கவே வேண்டாம். ஈரத்துணியைப் பெட்டியில் கட்ட நேரும்.

வெந்நீர் கணக்கு: மைய வெந்நீர் உள்ள கட்டடம் என்றால் கவலையில்லை. குளியலறையிலோ அலமாரியிலோ உருளைத் தொட்டி இருந்தால் அதன் மேல் ஒட்டியுள்ள தகட்டில் லிட்டரும் வாட்டும் இருக்கும். 80 லிட்டர், 60 பாகை வெப்பம் என்றால், 15 பாகைக் குளிர்நீரோடு கலந்து 39 பாகையில் சுமார் 150 லிட்டர் கிடைக்கும். ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் என்று வைத்தால் 15 நிமிடம். ஆளுக்கு 5 நிமிடம் என்றால் மூன்று பேர். தீர்ந்த பிறகு 2,000 வாட் கம்பி அதை மறுபடி சூடாக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே இரண்டு பேர் இரவிலும் இரண்டு பேர் காலையிலும் குளித்துவிடுங்கள். அம்மாவை முதலில் அனுப்புங்கள்.

ஊரிலிருந்து வெந்நீர்க் கம்பி, கெட்டில் கொண்டுபோவது பற்றி இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 230 வோல்ட் என்பதால் வடிவம் மாற்றும் பிளக் போதும். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100 வோல்ட். 230 வோல்ட்டுக்கான 1,000 வாட் கெட்டில் அமெரிக்காவில் 270 வாட், ஜப்பானில் 190 வாட்தான் தரும். தண்ணீர் கொதிக்க மிக அதிக நேரம் பிடிக்கும்.

ஜன்னல்: கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் மூடியது, கிடையாக இருந்தால் கதவுபோல் திறக்கும், மேல்நோக்கி இருந்தால் மேற்பகுதி மட்டும் உள்பக்கம் சாயும். திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேலே திருப்பிவிட்டால் சட்டம் மேல் மூலையில் கழன்று ஒரு பக்கமாகத் தொங்குவதுபோல் நிற்கும். பார்ப்பதற்குக் கையில் வந்துவிடும்போலத் தெரியும், கீழ்க் கீல் பிடித்துக்கொண்டிருக்கும், விழாது. மேல் மூலையைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைக் கிடையாக்கிப் பிறகு கீழே இறக்கினால் சரியாகிவிடும். குழந்தை இருக்கும் வீட்டில் எப்போதும் சாய்த்த நிலையிலேயே வையுங்கள். கோடையில் போகிறீர்கள் என்பதால், குளிர்சாதனம் இருக்கிறதா என்றும் தனியாகக் கேளுங்கள். பல ஐரோப்பிய நகரங்களில் அது இல்லாமலே விடுகிறார்கள், மேல்மாடி அறைகள் ஜூலையில் இரவெல்லாம் அனலாக இருக்கும்.

நடைபயணி

மூன்றாம்மாடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தினமும் யாராவது வந்து கட்டிலைச் சரிசெய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 7 இரவுக்கு நடுவில் ஒரு முறை, சில இடங்களில் அதுவும் இல்லை. துண்டு மாற்றம் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை. அம்மாவுக்கும் குழந்தைக்கும் கூடுதல் துண்டு வேண்டுமென்றால் முதல் நாளே கேளுங்கள்.

சாவிக்கொத்து

கடைசி நாளுக்கு வருகிறேன். பெட்டி வைக்க இடம் உண்டா என்பது வரவேற்பு மேசை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆள் இருக்கும் இடங்களில் பெட்டி அறை இருக்கும், இரவு வரை வைத்துக்கொள்வார்கள். ஆனால் உங்கள் மேசை 8 மணிக்கு மூடுகிறது. 10 மணி விமானத்துக்கு நீங்கள் 6 மணிக்கே கிளம்பிவிடுவீர்கள், அதனால் பாதகமில்லை. எண்பூட்டு மட்டும் உள்ள இடமென்றால் பெரிய ரயில் நிலையத்தின் பெட்டகங்களைப் பாருங்க. பெரிய பெட்டிக்கான அறைகள் சீக்கிரமே நிரம்பிவிடலாம். அம்மா இருப்பதால் "தாமதமாகக் காலி செய்தல்" என்ன விலை என்றும் கேளுங்க. மதியம் 2 மணி வரை கொடுப்பதற்குப் பலர் சிறு தொகைதான் வாங்குவார்கள், முன்கூட்டிக் கேட்டால்தான் கிடைக்கும்.

உள்ளே நுழைந்த இரவே, பெட்டியைப் பிரிக்கும் முன், போனில் ஒரே வீடியோவாக எல்லா அறையும் எடுங்க: சுவர், சோபா துணி, அடுப்புக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, தொலைக்காட்சித் திரை. அடுப்புக் கண்ணாடியில் கீறல் இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் தெளிவாகத் தெரியும். குறை எதுவும் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் படத்தோடு எழுத்தில் தெரிவியுங்க. மெத்தையின் மூலைத் தையலைத் தூக்கிக் கரும்புள்ளி வரிசை இருக்கிறதா என்றும் பாருங்க, இருந்தால் மூட்டைப்பூச்சி. பெட்டியைக் கட்டிலிலோ தரையிலோ வைக்காமல் வேறு அறை கேளுங்க.

காலி செய்யும்போது பாத்திரம் கழுவி அடுக்கி, மெஷினைக் காலியாக்கி, குப்பையைப் பிரித்துக் கீழே உள்ள தொட்டிகளில் போட வேண்டும். இதைச் செய்யாததற்குத் தனிக் கட்டணம் பல ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். தொட்டிகளின் நிறம் நகரத்துக்கு நகரம் மாறும், மூடியில் உள்ள படத்தைப் பார்த்துப் போடுங்க. ஃப்ரிட்ஜ், அலமாரி, பாதுகாப்புப் பெட்டகம், வாஷிங் மெஷின் டிரம் நான்கையும் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி ஒரு வீடியோ எடுத்த பிறகு கடைசியாகச் சாவியைச் சாவிப்பெட்டியில் போடுங்க. போட்ட பிறகு திறக்க முடியாது, அதனால் எல்லாப் பெட்டியும் பாஸ்போர்ட்டும் வாசலுக்கு வெளியே வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே போடுங்க.

பயணப்பெட்டி

அருமை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். லிஃப்ட், ஷவர், சோபா அகலம், குளிர்சாதனம், இரவு நேர எண், தாமதமாகக் காலி செய்வது, ஆறையும் ஒரே செய்தியில் மூன்று இடங்களுக்கு இன்றே அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.